அறுபத்தைந்து மீற்றருக்கு இந்தப் பக்கம்

சாய்ந்தமருது,
2007 பெப்ரவரி, வெள்ளிக்கிழமை காலை.

கண்ணியமும் பாசமும் மிக்க மச்சான் ஜவுபர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கள் தங்கை நஸீறாவும் இங்கே உடல் சுகத்தோடு இருக்கிறோம். தாங்களும் தங்கள் வீட்டாரும் கட்டாரில் அவ்வாறே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறோம். உடல் சுகம் என்று நான் எழுதியது உடலை மட்டும்தான் குறிக்கும். மற்றதை இனிமேல்தான் எழுதப்போகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு வாசிக்கவும்.

வருகிற திங்கட்கிழமை மாநகர சபையிலிருந்து பெக்கோ இயந்திரம் வந்து நமது வீட்டை உடைக்கப்போகிறது. வீடு என்றால் முழு வீடு அல்ல, ஜன்னல் மட்டத்துக்கு எழும்பிய சுவர்கள். ஆனாலும் அந்தச் சுவர்களுக்குள் நான் என் மிச்ச ஆயுளையும் போட்டுக் குழைத்திருக்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் நஸீறா போனை வாங்கிக்கொண்டு, அங்கே வெயில் எப்படி, மீன் கிடைக்கிறதா என்று கதைத்துவிட்டு வைத்துவிடுகிறாள். வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் காக்காவான தங்களுக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்ற நல்ல மனது. ஆகவேதான் கடிதம். பக்கத்துக் கொட்டில் முனவ்வறாவின் மருமகன் இன்று மாலை கொழும்பு பஸ் ஏறி நாளை இரவு தோஹாவில் இறங்குகிறார், கையில் கொடுத்து அனுப்புகிறேன். கிடைத்த உடனே, அம்பாறையில் அரசாங்க அதிபரின் கச்சேரியில் பெரிய கதிரையில் இருக்கும் தங்கள் பள்ளித் தோழரைக் கூப்பிட்டு, பெக்கோவை நிறுத்தும்படியும், முடிந்தால் ஸப்ரி என்ற உத்தியோகத்தரை கடலே இல்லாத ஓர் ஊருக்கு மாற்றும்படியும் சொல்ல வேண்டும்.

ஸப்ரி யார் என்று சொல்வதற்கு முன் காணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு தாங்கள் வந்து பார்த்த அதே காணிதான். நஸீறாவுக்குத் தங்கள் வாப்பா சீதனமாகக் கொடுத்தது. வீடு போய்விட்டது, அத்திவாரமும் கிணறும் நின்றன. சுனாமியில் போன தங்கள் இளைய தங்கை மர்ஹூமா ஸாலிஹா கடைசியாக நின்ற இடமும் அதுதான். அதனால் நஸீறா அந்தக் காணியைப் பற்றிக் கதைப்பதே இல்லை. வாய் விட்டுச் சொல்ல முடியாத அளவுக்கு அதன்மேல் பாசம். முப்பது வருடம் சங்கக்கடை மனேஜராக இருந்தவன் நான். வரிசையில் நிற்கிறவர் வாய் திறக்குமுன்பே அரிசிக்கு வந்தவரா சீனிக்கு வந்தவரா என்று சொல்லிவிடுவேன். கட்டின மனைவியின் மனம் எனக்குத் தெரியாதா? அவளிடம் கேட்டுப் புண்ணைக் கிளற வேண்டாம் என்று, அதே இடத்தில் அவளுக்கு வீடு எழுப்பிக் கொடுப்பதென நானே முடிவெடுத்தேன்.

முதலில் கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்றார்கள். ஊரில் பாதி கடலுக்குள் இருப்பதாக ஆகிவிட்டது. தகரக் கொட்டிலில் வெந்துகொண்டு பொறுத்திருந்தோம். பிறகு அறுபத்தைந்து மீற்றர் போதும் என்று சட்டம் மாறியது. நான் காலால் அளந்து பார்த்ததில் நமது காணி கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பியிருந்தது. அன்றைக்கே விண்ணப்பத்தை நிரப்பினேன். அதைப் பார்த்து அளக்க வந்தவர்தான் ஸப்ரி. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், வயல் பக்கத்துச் சம்மாந்துறைப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர், அதுதான் அவரிடம் உள்ள பெரிய தொல்லை. நாடாவின் ஒரு நுனியை என் கையில் தந்தார்.

"மனேஜர், நீங்க கடல் தொடங்குற இடத்தில போய் நில்லுங்க."

"கடல் எங்க தம்பி தொடங்குது?"

"அதான் எனக்கும் பிரச்சின. உயர்ந்த அலை வந்து போற இடம் என்டு சட்டத்தில இரிக்கி."

"உயர்ந்த அலை மெயின் ரோட்டுக்குக் கிட்ட வந்து போனது. அதில இருந்து அளந்தா ஒங்கட சம்மாந்துறையிலதான் நான் வீடு கட்டணும்."

ஸப்ரி தலையைச் சொறிந்தார். நான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அலை நக்கும் ஈரத்தில் இறங்கி நின்று நாடாவை இழுத்துப் பிடித்தேன். கணக்கு நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் நஸீறா தேத்தண்ணியோடு வந்து, "தம்பி, மாரியில கடல் இந்தா இது மட்டுக்கும் வரும்" என்று அடம்பன் கொடி படர்ந்த மேட்டைக் காலால் தொட்டுக் காட்டினாள். ஸப்ரி கடலையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, நேராகப் போய் அடம்பன் கொடியில் நாடாவை வைத்தார். கோடு படத்தில் சமைக்க விட்டிருந்த குசினிக்கு நடுவால் போனது. அவளுடைய நேர்மை தாங்கள் அறிந்ததே. அதை நான் என்றைக்கும் மெச்சுகிறவன். ஆனால் அன்றைக்கு ஒரு நாள் அதை அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

"ஹோல் கட்டலாம் மனேஜர். குசினி கட்ட ஏலா" என்றார் ஸப்ரி.

சரி, வீட்டை மேற்கே தள்ளுவோம் என்று தள்ளினால், பக்கத்தில் ஓடும் ஒழுங்கைத் தெருவின் நடுவிலிருந்து இத்தனை அடி விட வேண்டும் என்று இன்னொரு சட்டம் அங்கே காத்திருந்தது. கடல் ஒரு பக்கம் நெருக்க, ஒழுங்கை மறுபக்கம் நெருக்க, வீடு மெலிந்து நீண்டு பஸ் போல ஆகிவிட்டது. பெரியநீலாவணையிலிருந்து வரும் மேசன் அழகரெத்தினம் வீட்டுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ட்றைவர் சீற் எந்தப் பக்கம் மனேஜர்?" என்று கேட்டார். அதன்பிறகு மாடிப்படி. தட்டைக் கொங்கிறீற் கூரையும் அதற்கு ஏற வெளியால் ஒரு படியும் கீறச் சொல்லியிருந்தேன். இத்தனை சிறிய வீட்டுக்குக் கூரைக்கு ஏன் படி என்று ஸப்ரி கேட்டார். மிளகாய் காயப்போட என்றேன். "மிளகாய்க்கு இவ்வளவு அகலமா?" என்றார். "ரெண்டு பேர் ஒரே நேரம் ஓடி ஏறணும் தம்பி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பேனையை மூடினார். பிறகு, "வெளிய வேணாம், உள்ளுக்கு வைங்க, நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செல்லல்ல" என்றார். படியை உள்ளுக்கு வைத்ததில் ஓர் அறை போய்விட்டது.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தது ஒரேயொரு கையெழுத்து. காணி நஸீறாவின் பெயரில் இருப்பதால் அவள் வைக்க வேண்டும். முதலில் அவளுக்குக் கண்ணாடி காணாமல் போனது. கண்ணாடி கிடைத்ததும் கை உளைந்தது. பிறகு நோன்பு முடியட்டும் என்றாள், நோன்பு முடிந்ததும் ஹஜ்ஜுப் பெருநாள் போகட்டும் என்றாள். நல்ல நாள் பார்க்கிறாள் என்று நானும் நெருக்கவில்லை. ஆனால் நாடு இருக்கிற நிலை தாங்கள் அறிவீர்கள். இன்றைக்கு ஹர்த்தால், நாளைக்கு சோதனைச் சாவடியில் றோட்டு மூடல். அழகரெத்தினம் ஒரு நாள் வந்தால் அடுத்து எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. சீமெந்தோ மூட்டைக்குள்ளேயே கல்லாகிக்கொண்டிருந்தது. ஆகவே அனுமதி பின்னால் வரட்டும் என்று சுவரை எழுப்பத் தொடங்கினேன். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்த அன்று காலையில் போய்ப் பார்த்தால், சிவப்புப் பெயின்றால் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தது. ஒபிஸுக்கு ஓடினேன். ஸப்ரி எழும்பிக் கதிரை தந்து, "ராத்தாட கையெழுத்தே இல்லாத விண்ணப்பத்தில நான் என்னத்த மனேஜர் செய்ற?" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன்.

நேற்று பெக்கோ வந்தது. ஒழுங்கைக்குள் அது நுழைகிற சத்தத்திலேயே கொட்டில் தகரமெல்லாம் அதிர்ந்தது. நான் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஹோலுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அழகரெத்தினம் எனக்குப் பின்னால் வந்து நின்று, "மனேஜர், நான் நிக்கிறன், ஆனா மிசின் அசைஞ்சா ஓடிருவன்" என்று முன்கூட்டியே சொன்னார். சனம் கூடிவிட்டது. ஸப்ரி சுவருக்கு வெளியே நின்று, "எழும்புங்க மனேஜர், எனக்கு மேலிடத்துக் கட்டள" என்று கெஞ்சினார். என்னையும் சேர்த்து உடையுங்கள் என்றேன். பெக்கோவின் கை உயர்ந்து என் தலைக்கு நேராக வந்து நின்றது. மேல் வரிசைக் கல் ஒன்று கழன்று என் காலடியில் விழுந்தது. மச்சான், தங்களிடம் மறைப்பதற்கில்லை. கதிரை நடுங்கியது. இயந்திரத்தின் அதிர்வு என்று சனத்துக்குச் சொன்னேன், ஆனால் அப்போது இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் குடையைப் பிடித்துக்கொண்டு நஸீறா வந்தாள். பெக்கோவுக்கு முன்னால் விழுந்து படுக்கப்போகிறாள் என்று நினைத்து எழும்பப் பார்த்தேன். அவளோ நேராக ட்றைவரிடம் போனாள்.

"தம்பி, இத ஒடைச்சா கல்லு முழுசாக் கிடைக்குமா?"

"பெக்கோவால அடிச்சா தூளாப் போகும் ராத்தா. கையால கழட்டினாத்தான் முழுசா வரும்."

"அப்ப பெக்கோ வேணாம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் சனம் கைதட்டியது. ஸப்ரி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு திங்கட்கிழமை வரை தவணை தருவதாகச் சொல்லிப் பெக்கோவைத் திருப்பி அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள், அரசாங்கத்தையே திருப்பி அனுப்பினாள். அந்தக் காணியின்மேல் அவளுக்கு இருக்கும் உயிரை நேற்றுத்தான் ஊர் முழுவதும் கண்டது. அவளுக்காகவாவது தாங்கள் கச்சேரிக்குப் போன் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை அவள் மறுபடி வந்து நின்றால் எனக்குப் பார்க்கச் சக்தி இல்லை.

தாங்களும் தங்கள் பிள்ளைகளும் நீண்ட ஆயுளோடு, ரஹ்மத்தும் பரக்கத்தும் நிறைந்து, சொந்தக் கூரையின்கீழ் என்றும் நிம்மதியாக வாழ வல்ல நாயன் அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மச்சான்,
அபுல் ஹஸன்.

பின்குறிப்பு: காக்கா, நஸீறா எழுதுறன். இவர் ஜும்ஆவுக்குப் போயிட்டார். கடிதத்த ஒட்டாம வெச்சிட்டுப் போனதால வாசிச்சன். எழுதியிரிக்கிற எல்லாம் நடந்ததுதான். எனக்காக என்டு எழுதியிரிக்கிறது மட்டும் பிழ. எனக்கு அந்தக் காணி வேணாம் காக்கா. அந்தக் கிணத்தடியிலதான் தங்கச்சிட கை என்ட கையில இருந்து வழுகிப் போனது. அதில தண்ணி அள்ளி நான் எப்படிச் சோறாக்குற? மாரிக்கடல் வாற இடத்தக் காட்டினதும் கையெழுத்து வைக்காம இழுத்ததும் அதுக்குத்தான். நேத்து கல்லக் கேட்டது வேற இடத்தில கட்ட ஒதவும் என்டுதான், சனம் ஏன் கைதட்டின என்டு எனக்கு இன்னும் விளங்கல்ல. சுனாமிக்குப் பிறகு இவர் சிரிச்சத நான் கண்டது அந்த அத்திவாரத்தில நிக்கக்குள்ள மட்டும்தான். அதால இவருக்கு வாயால செல்ல ஏலாமப் போச்சி. வாப்பா தந்த வயல்ட மூலையில ஒரு துண்டு இரிக்கி. மண் போட்டு நிரப்பினா ஒரு சின்ன வீட்டுக்குக் காணும். அங்க நின்டா கடல் சத்தம் கேக்காது. நீங்க கச்சேரிக்குப் போன் எடுக்க வேணாம். இவர் வந்து சோறு தின்டதுக்குப் பிறகு நானே இவருக்கு எல்லாத்தையும் செல்றன்.

மறு பின்குறிப்பு: மச்சான், ஒட்டுவதற்கு எடுத்தபோது மேலே உள்ளதை வாசித்துவிட்டேன். சோறு தின்னவில்லை. கடிதத்தை அவள் முன்னால் வைத்து, "என்னட்ட ஒரு சொல் செல்லியிருக்கலாமே" என்றேன். "கேட்டிருக்கலாமே" என்றாள். அத்திவாரத்தில் நான் சிரித்தது உண்மைதான், அது அவளுக்குக் காட்டுவதற்காகச் சிரித்தது. அங்கே கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை. இதைச் சொன்னதும் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு பார்த்தால் சிரிப்பும் அதற்குள் இருந்தது.

ஆகவே கச்சேரிக்குப் போன் வேண்டாம். ஸப்ரியை எங்கும் மாற்றவும் வேண்டாம். இப்போதுதான் அவரை ஒபிஸில் கண்டு, சுவரை நாங்களே கையால் கழற்றுகிறோம், வயல் மூலையில் கட்டப்போகிறோம் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அவர் எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "வயல நிரப்புறதென்டா வயல் காணிக்குப் பொறுப்பான கமநல ஒபிஸில அனுமதி எடுக்கணும் மனேஜர். அவங்க எங்களவிடக் கடும" என்றார். திங்கட்கிழமை அங்கே போகிறோம். இம்முறை நஸீறாதான் கதைப்பாளாம். நான் பக்கத்தில் சும்மா நின்றால் போதுமாம்.