மூன்று பொட்டலம் மீன்

ஃபிரிட்ஜ் தானாகக் கெடவில்லை. இன்சாஃப்தான் கெடுத்தாள். பெருநாள் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, புருஷன் ஷவ்கி மீன்கடைக்குக் கிளம்பியதும் அதைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கம் கைக்கு எட்டிய ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டாள். ஃபிரிட்ஜ் ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கியது.

உள்ளே குர்பானிக் கறி இருந்தது. அலெக்சாந்திரியாவின் ஜூன் மாத வெக்கையில் கறி எத்தனை நேரம் தாங்கும்? தாங்கக்கூடாது என்பதுதான் அவள் திட்டம்.

முஹர்ரம் பே வட்டாரத்தில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்றால் எல்லோரும் கைகாட்டுவது மாஹிரைத்தான். ஷவ்கியின் கூடப்பிறந்த தம்பி. கடை அடுத்த தெருவில். ஆனால் அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வீட்டுக்குக் கீழே இருக்கிற காபிக்கடையில் நாலு பேர் முன்னால் மாஹிர், "எங்கண்ணன் கடை மீனா? அது ஐஸுக்குள்ளயே எத்தனை வெள்ளிக்கிழமை பாத்துச்சோ!" என்று கேலி பண்ணிவிட்டான். ஷவ்கி நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"இனிமே உன்னை நான் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன்னா, என் பொண்டாட்டிக்கு முத்தலாக்!"

மேலே பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பொண்டாட்டி அதைக் கேட்டாள். சண்டை இவங்களுக்கு, தலாக் மட்டும் எனக்கா என்று அன்றைக்கு அழுதவள், அதற்குப் பிறகு கொழுந்தன் பேரை வாயால் சொன்னதே இல்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் பங்குக் கறியை மட்டும் தனிப் பையில் கட்டி வைப்பாள். அது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் ஃபிரிட்ஜிலேயே கிடக்கும்.

வருகிற வியாழக்கிழமை மாஹிர் வேலைக்காகக் குவைத்துக்குப் போகிறான். எப்போது திரும்புவானோ, யார் கண்டது? ஷவ்கியோ இப்போதே தூக்கத்தில் தம்பியைத் திட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற மனுஷன். கறி நாறினால் வேறு வழியில்லாமல் பள்ளிவாசல் ஷேக்கிடம் போவான், பத்து ஏழைக்குச் சோறு போட்டுச் சத்தியத்தை முறிப்பான், தம்பியைக் கூப்பிடுவான். இப்படித்தான் இன்சாஃப் கணக்குப் போட்டாள்.

சாயங்காலம் ஷவ்கி வந்து ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தான். "இன்சாஃப், இது செத்துப் போச்சே!"

"அல்லாவே! இப்ப யாரைக் கூப்பிடுறது?"

ஷவ்கி அவளையே பார்த்தான். "நீதான் சொல்லேன்."

"எனக்கென்ன தெரியும்? நீங்களே பாத்து ஒரு ஆளைக் கூப்பிடுங்க."

வந்தவர் ரிப்பேர்காரர் உஸ்தா ஸக்கி. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார், "ஆகா" என்றார். ஷவ்கி அவரைத் தோளில் கைபோட்டு நடைக்குக் கூட்டிப்போய் ஏதோ குசுகுசுத்தான். திரும்பி வந்தவர் மோட்டாரைக் கழற்றி அடுப்படித் தரையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பெரிய பழுதும்மா. இந்த ஏரியாவுல இதுக்கு ஒரே ஒரு ஆளுதான் இருக்காரு."

ஷவ்கி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தன் கால்விரலைப் பார்த்தாள்.

"சரி, வேற ஆளைப் பாப்போம்" என்று ஷவ்கி பெருமூச்சு விட்டான். ஸக்கி கிளம்பும்போது அவர் கையில் ஒரு பொட்டலம் மீனைத் திணித்தான்.

"பிரிச்சுப் போட்டுட்டுப் போறவனுக்கு மீன் வேறயா?"

"வீடு தேடி வந்தவரை வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

செவ்வாய்க்கிழமை உஸ்தா ஜிர்கிஸ் வந்தார். நடையில் அதே குசுகுசுப்பு. உள்தட்டு அத்தனையையும் உருவிக் குளியலறையில் அடுக்கிவிட்டு, "இதுக்கு ஒரே ஒரு ஆளுதான்" என்று அவரும் அதே பாட்டைப் பாடினார். மீன் வாங்கிக்கொண்டு போனார். புதன்கிழமை வந்த உஸ்தா பயூமி கதவையே கழற்றி, அளவு பார்க்க வேண்டும் என்று தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் ஒரு பொட்டலம்.

இதற்குள் கறி படாத பாடு பட்டது. மூன்று வேளையும் கறிச் சோறு. கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் தட்டு தட்டாகப் போனது. மாடிப் பூனைகள் தின்ற களைப்பில் நகரமுடியாமல் கிடந்தன. மாஹிர் பங்கை மட்டும் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. மீன்கடை ஐஸை வாளியில் கொட்டி அதற்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஏங்க... அந்த ஃபிரிட்ஜ் விஷயமா..."

ஷவ்கி ரொட்டியைப் போட்டுவிட்டு எழுந்தே விட்டான். "சொல்லு இன்சாஃப். பயப்படாம சொல்லு!"

அந்த வேகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வாய் ஒட்டிக்கொண்டது. ஒயரைப் பிடுங்கியது தெரிந்துவிட்டதோ? "ஒண்ணுமில்ல. ஐஸ் தீந்துடுச்சு."

அவன் மெல்ல உட்கார்ந்தான். அதற்குமேல் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலையில் தெருமுனையில் டாக்சி நின்றது. மேலே பெரிய பெட்டியைக் கட்டினார்கள். ஏறுவதற்கு முன்னால் மாஹிர் ஒரு தடவை இந்தப் பால்கனியை அண்ணாந்து பார்த்தான். இன்சாஃப் கையைத் தூக்கினாள், பாதியில் இறக்கிக்கொண்டாள். திரும்பினால் திரைச்சீலைக்குப் பின்னால் ஷவ்கி. டாக்சி திரும்பியதும் அவன் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

"கடைக்குப் போகலியா?"

"மீன் எங்கயும் ஓடிடாது."

அடுப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள் இன்சாஃப். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பாழாய்ப்போன பயம்! வாளியில் இருந்த பை நாற ஆரம்பித்திருந்தது. கீழே பழைய சாமான்காரன் "ரோபா பீக்கியா!" என்று கூவிக்கொண்டு வந்தான். அவனை மேலே கூப்பிட்டு, ஃபிரிட்ஜ், தட்டு, மோட்டார் எல்லாவற்றையும் காட்டினாள்.

"எடுத்துட்டுப் போ. ஒண்ணும் குடுக்க வேணாம். என் கண்ணுல படாம இருந்தாப் போதும்."

அவன் போய்ச் சற்று நேரத்தில் உஸ்தா பயூமி கதவைத் தோளில் சுமந்துகொண்டு, வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்தார்.

"ஃபிரிட்ஜ் எங்கேம்மா?"

"பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன்."

"அடக் கடவுளே! ஒரே ஒரு ஒயர்தானேம்மா கழண்டிருந்துச்சு? ஸக்கி முதல் நாளே பாத்துட்டாரே! சரி, தம்பி மாஹிர் வந்துட்டுப் போனாரா இல்லையா?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அந்தப் பேர் கேட்டது.

"அவர் எப்படி வருவாரு உஸ்தா? கூப்பிட்டா எனக்குத் தலாக் இல்லையா?"

பயூமி கதவை மெதுவாகத் தரையில் இறக்கினார்.

"ஐயோ அம்மா, உங்க வீட்டுக்காரரு கூப்பிட்டாலோ கூப்பிடச் சொன்னாலோதான் தலாக், நீங்களாக் கூப்பிட்டாத் தடையில்லைன்னு ஷேக்கே சொல்லிட்டாராம், இன்னைக்குக் கூப்பிடுவீங்க, நாளைக்குக் கூப்பிடுவீங்கன்னுதானே, சரி பண்ணாமப் போகச் சொல்லி எங்க மூணு பேருக்கும் மீன் குடுத்தாரு!"