தாத்தாவுக்குப் போட்ட நாற்காலி

செத்துப்போன தாத்தாவைச் சாகவே விடாமல் பிடித்துவைத்திருந்த ஒரே பேரன், இந்த உலகத்திலேயே எங்கள் காரைக்குடி கப்பல் ஆசாரியாகத்தான் இருப்பார்.

தச்சு வேலைக்காகப் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார் தாத்தா. கப்பல் மூழ்கியதாகத் தகவல் வந்தது, உடல் வரவில்லை. கண்ணால் பார்க்காத சாவுக்கு எப்படித் திதி கொடுப்பது என்று ஆசாரியின் அப்பா விட்டதை, ஆசாரியும் விட்டார். மகள் கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போட மறுத்துவிட்டார்.

"அவருக்கு நூத்தி இருவது வயசு தாண்டுது ஆசாரி" என்றார் அச்சகக்காரர்.

"ஆள் வந்து நின்னு, ஏண்டா என்னையக் கொன்னேன்னு கேட்டா நீங்களா பதில் சொல்லுவீக?"

மண்டபத்தில் முதல் வரிசையில், தானே செய்த தேக்கு நாற்காலியைத் தாத்தாவுக்காகக் காலியாகப் போட்டிருந்தார். தெரியாமல் அதில் உட்கார்ந்த சம்பந்தியை எழுப்பிவிட்டதில், கல்யாணமே நின்றுவிடப் பார்த்தது.

நான் அப்போது எங்கள் ஊர் செக்காலைப் பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். ஒருநாள் செய்தித்தாளும் கையுமாக ஆசாரி வந்தார். எங்கோ ஒரு கடற்கரையில், பழைய கப்பல் விபத்தில் பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களின் எலும்பை எடுத்து, உறவினர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கிறார்களாம்.

"என் எச்சியையும் எடுத்து அனுப்பிவிடுங்க தம்பி."

எனக்கு விளையாட்டு. பஞ்சுக்குச்சியை வாய்க்குள் விட்டு எடுத்தேன், குப்பியில் போட்டுப் பெயர்கூட ஒட்டினேன். அவர் படியிறங்கியதும் குப்பையில் போட்டேன். இதை எழுதவே கூசுகிறது.

வாராவாரம் வந்து நிற்பார். "எங்குட்டு வரைக்கும் போயிருக்கு தம்பி?"

"கப்பல்ல போகுதுய்யா. மெதுவாத்தான் போகும்."

"கப்பல்லயா அனுப்புனீக?" என்றார், முகம் வெளிறி. கூட வேலை பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

இரண்டு வருஷம் கழித்து, தாத்தா போன கப்பலின் பழைய பயணிகள் பட்டியலோடு, எலும்போடு ஒப்பிட எச்சில் கேட்டு, ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் ஆசாரியைத் தேடி வந்தார். "நான் அப்பவே குடுத்தாச்சும்மா, செக்காலைத் தம்பிகிட்ட" என்று சொல்லி, மறுபடி எச்சில் எடுக்க விடாமல் அவரை என்னிடமே கூட்டிவந்துவிட்டார் ஆசாரி.

"குப்பையில போட்டுட்டேன்யா" என்றேன். கூனிக்குறுகிப் போனேன்.

ஆசாரி முக்காலியை என் பக்கம் இழுத்தார். அதில் உட்கார்ந்தார்.

"இப்பவும் நீங்களே எடுங்க தம்பி. போன தடவ வலிக்காம எடுத்தீக."

எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். மொட்டைத் தலையோடு என் வீட்டு வாசலில் நின்றார். கையில் கருமாதிப் பத்திரிகை. தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு'.

"பொருந்திப் போச்சாம். தாத்தா தவறிட்டாக தம்பி" என்றார், நேற்று நடந்ததைப் போல.

துக்கம் கேட்கப் போனேன். கூடத்தில் அந்தத் தேக்கு நாற்காலி கிடந்தது. நான் தள்ளியே நின்றேன்.

"உக்காருங்க தம்பி. இனிமே அவுக வரமாட்டாக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து அவரையே அதில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.