என் வயரிங் சரியாகத்தான் இருந்தது

தப்பு என் மேல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் அக்காவின் கல்யாணக் கதையை யார் ஆரம்பித்தாலும் இந்த ஒரு வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மலேசியாவில், பினாங்கின் பத்து காவான் பகுதியில், ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை. ஒரு வயர் இன்னொரு வயருக்குக் கொடுக்கிற தொந்தரவை மோப்பம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். (வேறு யாரும் சொல்லவில்லை, நானேதான்.) அந்தத் திமிரில் எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டில், துணி காயப்போடுகிற பால்கனியில் உட்கார்ந்து, சொந்தமாக ஒரு ட்ரோன் கட்டினேன்.

முதல் மாதம் அது என் பேச்சைக் கேட்கவே இல்லை. மோட்டாருக்குப் போகும் தடித்த வயர்களில் மின்சாரம் ஓடினால் பக்கத்தில் காந்தப்புலம் உண்டாகும். அது ட்ரோனுக்குள் இருக்கும் திசைகாட்டியைக் குழப்பிவிடும். வடக்கு எது, தெற்கு எது என்று தெரியாமல் ட்ரோன் கிறுகிறுவென்று சுற்றும். வயர்களை ஜடை மாதிரிப் பின்னினேன். ரேடியோ பெட்டிக்குச் செப்புத்தாள் சுற்றினேன். திசைகாட்டியை ஒரு குச்சியின் உச்சியில் ஏற்றினேன். அப்புறம் பாருங்கள், ஆணி அடித்த மாதிரி காற்றில் நின்றது! அன்றைக்கு எனக்கு ஏறிய தலைக்கனம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

நேராக மாலதி அக்காவிடம் போனேன். "மாப்பிள்ளை வந்து இறங்கறத மேல இருந்து நான் எடுக்கிறேன்கா. வீடியோக்காரர்கிட்ட அவரோட ட்ரோன் வேணாம்னு சொல்லிடு."

அக்கா யோசித்தாள். மாப்பிள்ளை வரும்போது அவள் மணமகள் அறைக்குள் இருப்பாள். அந்த வருகையை வீடியோவில்தான் பார்க்க முடியும். கீழே நின்று எடுக்கிற வீடியோவில் மாமன்மார்களின் முதுகுதான் தெரியும்.

"நீ சொதப்பினா எனக்கு வேற படமே இல்ல, கலா. நிஜமா முடியுமா?"

"கண்ண மூடிக்கிட்டு நம்பு லா!"

பாவி, நம்பிவிட்டாள்.

கல்யாணத்தன்று காலை, அனுமதிக் கடிதமும் கையுமாக மண்டப வாசலில் ட்ரோனை வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: திசைகாட்டியில் கோளாறு, பறக்க முடியாது. யாரிடம் சொல்கிறது? ஒரு மாதம் உட்கார்ந்து வயர் பின்னினவளிடமா? பறப்பதற்கு முன் அது செய்துகொள்ளும் அந்தச் சோதனையையே அணைத்துவிட்டு மேலே ஏற்றினேன். ஏறியது. நிற்காமல் வட்டம் போட ஆரம்பித்தது. அவசரமாக இறக்கினேன்.

சந்தேகமே இல்லை, இடைஞ்சல் மண்டபத்திலிருந்துதான் வருகிறது என்று முடிவு கட்டினேன். (திசைகாட்டிக்கும் மைக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நானும் கேட்கவில்லை.)

"அண்ணே, அந்த வயர்லெஸ் மைக்க அடைச்சிடுங்க" என்றேன் மைக் செட்காரரிடம்.

"நாதஸ்வரம் ஓடுது லா, தங்கச்சி."

"ரெண்டே நிமிஷம்ணே!"

மைக் போயிற்று. சீரியல் லைட் போயிற்று. பெரிய காற்றாடிகளையும் நிறுத்த வைத்தேன். பினாங்கு வெயிலில் பட்டுப்புடவைகள் எல்லாம் என்னைச் சபித்தன. அதுவும் போதாமல், "எல்லாரும் போனை அடைங்க!" என்று கத்தினேன். வாசலில் நின்ற சித்தப்பா முதற்கொண்டு அத்தனை பேரும் அடைத்தார்கள். சொன்னால் கேட்கிற குடும்பம், அதுதான் பிரச்சினை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் கார் வேறொரு மண்டபத்துக்குப் போய்விட்டது. வழி கேட்டு அடித்த போனை எங்கள் பக்கம் ஒரு ஜீவன் எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார்.

"யாருமே போன் எடுக்கல! அங்க எனக்குப் பன்னீர் தெளிச்சு, சந்தனம் பூசி, முன் வரிசையில உக்கார வச்சிட்டாங்க!"

குருக்கள் உள்ளே கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இருந்தது ஒரே வாய்ப்பு. அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்தது. ஏற்றிவிட்டேன்.

கீழே அத்தை ஆரத்தித் தட்டைச் சுற்றினார். மேலே என் ட்ரோனும் மாப்பிள்ளையைச் சுற்றியது. அதே திசையில், அதே வேகத்தில்!

"பொண்ணு வீட்டுல வானத்துலயும் ஆரத்தி எடுக்கிறாங்க பாருங்க லா!" என்று சம்பந்தியம்மா கைதட்டினார். ட்ரோன் கட்டுகிற நாங்கள் இந்தச் சுற்றலை, கழிப்பறையில் தண்ணீர் சுழன்று இறங்குவது போல் இருப்பதால், டாய்லெட் பவுல் என்போம். அவரிடம் அதை நான் சொல்லவில்லை.

வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் வாசலில் கட்டிய வாழை மரத்தில் போய்ச் சொருகியது. நறுக்கிய இலை எல்லார் தலையிலும் கொட்டியது. கூடவே ட்ரோனின் வயிற்றிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு பிள்ளையார் தரையில் விழுந்தார். அப்பாவின் கார் டாஷ்போர்டில் இருந்தவர்.

"யாரு இத ஒட்டினது?" என்று அலறினேன்.

"நான்தான்டி" என்றார் அம்மா. "சபையில முதல் தடவையா பறக்குது, துணைக்கு இருக்கட்டும்னு காலையில வச்சேன்."

"அம்மா, அதுக்கு அடியில காந்தம்மா!"

"தெரியும்டி. அதான் விழாதுன்னு வச்சேன்."

சித்தப்பா நிதானமாகத் தலையிலிருந்த இலையைத் தட்டிவிட்டார். "ஊர்ல எல்லாரும் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடிப்பாங்க. நம்ம கலா குரங்கத் தேடிப் போய்ப் பிள்ளையாரப் பிடிச்சிருக்கா!"

மண்டபமே சிரித்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

தாலி கட்டி முடிந்த பிறகு, கல்யாணப் புடவையோடு அக்கா கையை நீட்டினாள். "எங்க, காட்டு."

காட்டினேன். மாப்பிள்ளை முன்னால், பக்கவாட்டில், பின்னால், மறுபடி முன்னால். நெற்றியில் அடுத்தவர் வீட்டுச் சந்தனம். அண்ணாந்து, வாயைப் பிளந்து, குழந்தை மாதிரிச் சிரிக்கிறார். அக்கா மூன்று தடவை பார்த்தாள். "இப்படி ஒரு சிரிப்ப நான் பார்த்ததே இல்ல, கலா" என்றாள். நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் வீட்டுக்கு யார் வந்தாலும் இன்றுவரை அந்த வீடியோவைப் போட்டுக் காட்டாமல் விடுவதில்லை.

போன வருஷம் மாப்பிள்ளையின் தங்கைக்குக் கல்யாணம். என்னைத்தான் கூப்பிட்டார்கள். ட்ரோன் கோடு போட்ட மாதிரிப் போய், நின்று, எடுத்து, வைத்த இடத்திலேயே வந்து இறங்கியது. ஒரு ஆள் கைதட்டவில்லை. சம்பந்தியம்மா மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா, ரிப்பேரா? சுத்தவே இல்லையே."

சுற்றாமல் இருப்பதுதான் சரி என்று அவருக்கு விளக்கினேன். வயரைச் சொன்னேன், காந்தத்தைச் சொன்னேன், திசைகாட்டியைச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார்.

"பரவால்ல லா. அடுத்த கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிடலாம்."