காத்து டாக்டர் செய்த பஸ்

கொல்லிமலையில் வண்டியே இல்லாமல் பஞ்சர் கடைக்குக் காற்றுப் பிடிக்க வந்த ஒரே மனிதர் காத்து டாக்டர்தான். கடை என்னுடையது. வளப்பூர் நாடு என்கிற ஊரில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே.

அவர் மாட்டு டாக்டர். கீழேயிருந்து வேலைக்கு வந்தவர். ஒரு நாள் சின்னப் பெட்டியோடு வந்து நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் காத்து வேணும்."

"வண்டி எங்கீங்க?"

பெட்டியைத் திறந்தார். பேனா தடிமனில் ஒரு துப்பாக்கி. அதன் தலையில் குங்குமச்சிமிழ் மாதிரி ஒரு கிண்ணம். கிண்ணத்தில் பெயின்ட் ஊற்றிக் காற்றைக் கொடுத்தால் பனி மாதிரி தூவுமாம். ஏர்பிரஷ் என்றார். பொம்மை வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கவாம்.

லாரி டயருக்கு விடுகிற காற்றை அப்படியே விட்டேன். பச்சைப் பெயின்டோடு கிண்ணம் பறந்தது. ரோட்டோரம் நின்ற வெள்ளை ஆட்டுக்குப் பாதி முகம் பச்சை.

மறுநாள் ஆட்டுக்காரர் ஆட்டை இழுத்துக்கொண்டு அவரிடமே போனார்.

"ஏனுங்க டாக்டரே, இது என்ன நோவுங்க?"

டாக்டர் நாக்கைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். "பயப்படாதீங்க, முடி உதிர்ந்தா சரியாயிரும்" என்றார்.

அதற்குப் பிறகு இருபது பவுண்டுக்கு மேல் காற்று விட மாட்டார். கம்ப்ரஸரில் எங்கே ஒழுகுகிறது என்று ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவரிடம் இரண்டு துப்பாக்கி. ஒன்றை அழுத்தினால் காற்றும் பெயின்டும் சேர்ந்தே வரும். அகலமான இடத்துக்கு அது போதும். இன்னொன்றை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். இழுக்கிற அளவுக்குத்தான் வரும். அதை வைத்து எறும்புக்கு மீசை வரையலாம் என்பார். "புதுசா வாங்கறவன் எதை வாங்கோணுமுங்க?" என்று ஒரு தடவை சும்மா கேட்டுவிட்டேன். என் மத்தியானச் சோறு ஆறிப்போனது.

பெயின்டைப் பால் பதத்துக்குக் கரைப்பார். அடிப்பது கொஞ்ச நேரம். உள்ளே இருக்கும் ஊசியை உருவித் துடைப்பதுதான் அதிக நேரம். அந்த நேரத்தில் மலையில் பாதி மாட்டுக்குச் சினை ஊசி போட்டிருக்கலாம்.

இப்படி இருக்கும்போது காலை பஸ் டிரைவர் ராசண்ணனுக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசி டிரிப். அதற்குள் அவர் ஓட்டும் பஸ்ஸையே முழ நீளத்தில் செய்து கையில் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் கிளம்பினார்.

"அவரு யாரையும் மதிக்காத ஆளுங்க. எதுக்கு உங்களுக்கு?" என்றேன்.

"நான் முதல்ல மலை ஏறினப்போ வளைவுக்கு வளைவு வாந்தி அண்ணே. பஸ்ஸே சிரிச்சுது. அவர்தான் வண்டிய நிறுத்தி எலுமிச்சம்பழம் குடுத்தார்."

பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி பஸ் தயார். பெயின்ட்தான் தகராறு. மலை மூடுபனிக்குக் கம்ப்ரஸரில் தண்ணீர் கட்டும். காற்றோடு அதுவும் வந்து துப்பும். பெயின்டில் அம்மைத் தழும்பு. குழாய் நடுவே தண்ணீர் பிடிக்கிற கிண்ணம் ஒன்றை மாட்டினார். துடைத்தார், அடித்தார், துடைத்தார், அடித்தார். சனிக்கிழமை சாயந்திரம் பஸ் கண்ணாடி மாதிரி மின்னியது.

மிளகு மூட்டையோடு வந்த வெள்ளையம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இது எந்த ஊரு பஸ்ஸு?"

"நம்ம காலை பஸ்ஸுங்க" என்றேன்.

"அட போ கண்ணு. நம்ம பஸ்ஸுல சாஞ்சா சீலையில சேறு ஒட்டும். இது மாப்ள அழைப்புக்குப் போற பஸ்ஸு."

டாக்டர் முகம் விழுந்துவிட்டது. பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தண்ணீர் பிடிக்கிற கிண்ணத்தைக் கழற்றி எறிந்தார். செம்மண் நிறத்தைக் கரைத்து ஊற்றினார். கம்ப்ரஸர் துப்பியது. சக்கரத்துக்கு மேலே, படிக்கட்டில், பின்பக்கம் முழுக்க அசல் கொல்லிமலைச் சேறு. வெள்ளையம்மா சீலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி நின்றார்.

காலையில் ராசண்ணன் அதை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கச் சேற்றைத் துடைக்க விரலை நீட்டினார்.

"தொடாதீங்க! இன்னும் காயல!" டாக்டர் கத்தியே விட்டார்.

போலீஸ்காரர் கை காட்டினாலும் நிறுத்தாத மனிதர் விரலை மடக்கிக்கொண்டார். துண்டை விரித்து, பஸ்ஸை என்ஜின் மூடிமேல் வைத்தார்.

"ஏனுங்க டாக்டரே, இது காயற வரைக்கும் எப்படிங்க ஓட்டறது?"

"மெதுவா போங்க."

போனார். அன்றைக்குப் பஸ் மலை இறங்கிய வேகத்தில் ஆட்கள் பக்கத்தில் நடந்தே பேசிக்கொண்டு வந்திருக்கலாம். ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை என்று கண்டக்டர் வந்து சொன்னார். கீழே இறங்கியதும் ராசண்ணன் தன் பெட்டியை மறந்துவிட்டு அந்தப் பஸ்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தாராம்.

அதற்குப் பிறகு டாக்டர் கடைப்பக்கம் வரவில்லை. கடை நிம்மதியாக இருந்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. அவர் இருக்கும் வீட்டுக்கு நடந்து போனேன். வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"செய்ய ஒண்ணும் தோணல அண்ணே" என்றார்.

"வாங்க. கம்ப்ரஸர் சும்மாதான் கெடக்குது" என்றேன்.

அப்போது கடையில் மூன்று பேர் டயரைக் கழற்றி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.