கிறிஸ்துதாஸ் வீட்டுக் கரண்ட் மிச்சம்

மனிதர்களில் இப்படி ஓர் இனம் உண்டு, நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அறையைவிட்டு வெளியே ஒரு காலை எடுத்து வைத்திருப்பீர்கள், இன்னொரு கால் உள்ளேயே இருக்கும், அதற்குள் டக்கென்று ஒரு சத்தம். இருட்டு. கையிலிருக்கும் காப்பி டம்ளரை எங்கே வைப்பதென்று தடவிக்கொண்டிருக்கும்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: "வேணும்னா மறுபடி போட்டுக்கலாமே." போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் யாருக்கு மனசு வரும்? அந்தக் குரலில் அத்தனை பெருந்தன்மை இருக்கும். உலகத்தை அழிவிலிருந்து காப்பாற்றுவதற்கென்றே கடவுள் தமக்கு ஆள்காட்டி விரலைக் கொடுத்திருக்கிறார் என்று நம்புகிறவர்கள் இவர்கள். மின் சிக்கனக்காரர்கள் என்று மரியாதையாகச் சொல்லலாம். கூட வாழ்கிறவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத மாதிரி ஒன்று வேண்டுமென்றால் தொண்ணூறுகளின் தொடக்கத்து அம்பத்தூருக்கு வாருங்கள். தொழிற்பேட்டையில் நட்டும் போல்ட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர் கிறிஸ்துதாஸ். அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் ஞானகுமாரி. காலையில் எழுந்ததும் மற்றவர்கள் ஜெபம் பண்ணுவார்கள், பேப்பர் படிப்பார்கள். இவர் வாசலில் மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே சக்கரம் மெல்லச் சுற்றும். "ஓடுது குமாரி, ஓடுது! என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு!" என்று அலறிக்கொண்டு உள்ளே வந்து, ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கி, கூடத்து விசிறியை நிறுத்தி, குளியலறை விளக்கை அணைத்து, அங்கே தலை நிறைய சீயக்காயோடு நிற்கும் மைத்துனர் "மச்சான்! நான் உள்ள இருக்கேன்!" என்று கத்த, "இருங்க, யாரு வேணாம்னா? சோப்பு எங்க இருக்குன்னு கைக்குத் தெரியாதா?" என்று பதில் சொல்லிவிட்டு, மறுபடி வாசலுக்கு ஓடி, சக்கரம் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பல் தேய்க்கப் போவார். மைத்துனர் அதற்குப் பிறகு அந்த வீட்டில் தங்கியதில்லை.

வீட்டில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. சட்டையை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்து, கசங்கிவிடுமே என்று பயந்து விடிய விடியப் புரளாமல் படுத்திருப்பார். சோறு அரைவேக்காடு வெந்ததும் அடுப்பை நிறுத்தி, பானையை வைக்கோல் திணித்த பெட்டிக்குள் இறக்கி, மேலே கம்பளியைப் போர்த்திவிட வேண்டும். மீதியை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். சோறும் வெந்துவிடும். ஆனால் மார்கழி மாதத்தில் அந்த வீட்டில் கம்பளி போர்த்திக்கொள்ளும் பாக்கியம் சோற்றுக்கு மட்டும்தான்.

சர்ச்சுக்குப் போனாலும் விரல் சும்மா இருக்காது. பிரசங்கம் நடக்கும்போதே எழுந்து, ஆளில்லாத பெஞ்சுகளுக்கு மேலே சுற்றும் விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்து, எதற்கு எந்த சுவிட்ச் என்று தெரியாமல் கடைசியில் பாஸ்டரின் விசிறியையும் நிறுத்திவிட்டார் ஒரு நாள். அன்றைக்கு நரகத்தைப் பற்றிய பிரசங்கம். பாஸ்டர் வியர்த்துக் கொட்டிப் பேசியதில் சபையே ஆடிப்போய்விட்டது.

பிரிட்ஜ் மட்டும் வாங்கவே கூடாது என்பார். "அதுல இருக்கற காஸ் மேல போயி ஓசோன்ல ஓட்டை போடுது. நம்ம வீட்டு மாவு புளிக்காம இருக்கறதுக்கு வானத்தைக் கிழிக்கணுமா?" கேட்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். சரி, அந்த மாவு எங்கே இருக்கிறது தெரியுமா? பக்கத்து வீட்டு வசந்தாவின் பிரிட்ஜில், மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில். பாலும் அங்கேதான். வெயிலில் நடந்து வரும் கிறிஸ்துதாஸ் வசந்தா வீட்டில் ஒரு சொம்பு ஐஸ் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் ஓசோனைப் பற்றிப் பேசவே ஆரம்பிப்பார். அது வசந்தா போட்ட ஓட்டை, இவர் கணக்கில் வராது.

வசந்தாவின் புருஷன் பரந்தாமன் எதிர்க்கட்சி. பரம்பரையாக அந்த ஊரில் நெல் போட்ட குடும்பம். நிலத்தை மனை பிரித்து விற்றதிலிருந்து, கடையில் எந்தச் சாமானில் பிளக் தொங்கினாலும் வாங்கி வந்துவிடுவார். சாயங்காலமானால் இரண்டு பேரும் மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று உலகத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பார்கள்.

"இன்னா சார் நீ, ஒரு பல்பு எரிஞ்சா ஒலகம் அயிஞ்சிருமா? கரண்ட்டு கீது, துட்டு கட்றோம், எரியுது. அவ்ளோதான்."

"எரியும் பரந்தாமா, எரியும். குவைத்துல எண்ணெய்க் கிணறே எரியுது. நீ இங்க மிக்ஸி போட்டா அங்க ஒரு பீப்பா காலி. தேவை எது, ஆசை எதுன்னு மனுஷனுக்குத் தெரியணும்."

"எம் பொஞ்சாதி சட்னி அரைக்கிறது தேவையா, ஆசையா? அத்த சொல்லு மொதல்ல."

"கல்லுல அரைக்கட்டுமே. உடம்புக்கும் நல்லது. எங்க வீட்டுல அரைக்கலையா?"

அரைக்கிறார்கள்தான். யார் அரைக்கிறார்கள்? கொல்லைப்பக்கம் வந்து பாருங்கள். ஆட்டுக்கல்லுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, வலது கையால் குழவியைச் சுற்றி, இடது கையால் மாவைத் தள்ளிக்கொண்டிருப்பவள் ஞானகுமாரி. உடம்புக்கு நல்லது என்று அவர் சொன்ன உடம்பு அவளுடையது. வலது தோள் போய்விட்டது. ஜாக்கெட் போடும்போதே உயிர் போகும். தலை பின்னுவதற்குக் கை மேலே எழும்பாது, வசந்தாவிடம்தான் போய் உட்கார வேண்டும். ராத்திரி தைலம் தேய்த்துக்கொள்ள விளக்கைப் போட்டால், "தோளு எங்கயும் போயிடாது குமாரி, இருட்டுலயே தேய்ச்சுக்கலாம்" என்று கட்டிலிலிருந்து குரல் வரும். அவளுக்குக் கோபம் வந்தது என்று மட்டும் சொன்னால் போதாது, அழுகையாக வந்தது. ஓசோன் மேல் அவளுக்கு ஒரு விரோதமும் இல்லை. அதுவும் நன்றாக இருக்கட்டும். கூடவே வீட்டுக்கு ஒரு கிரைண்டரும் வரட்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

"ஏங்க, ஒரு கிரைண்டர் வாங்கிடலாங்க."

"மோட்டார்ங்கறது ஒரு அடிமைத்தனம் குமாரி."

"யாருக்குங்க?" என்று அவள் கேட்பதற்குள் அவர் வராந்தா விளக்கை அணைக்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர் வீரராகவனுக்கு ஒரு யோசனை உதித்தது. மின் சிக்கனப் போட்டி! எந்த வீட்டில் கரண்ட் மிகக் குறைவாக ஓடுகிறதோ அந்த வீட்டுக்கு மேடையில் பரிசு. யாருக்குக் கிடைக்கும் என்பதில் காலனி நாய்களுக்குக்கூடச் சந்தேகம் இல்லை. விழா அன்று தெரு முழுக்க சீரியல் பல்பு, மேடையில் ஃபோகஸ் லைட், கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். மின் சிக்கனத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரிய வேண்டாமா? கிறிஸ்துதாஸ் அந்த சீரியல் பல்புகளை அணைக்கப் போக, பந்தல்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்.

பரிசுக்கு நன்கொடை, ஆவடி ரோட்டில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருந்த ஜேம்ஸ். கடையில் என்ன இருக்குமோ அதைத்தானே கொடுப்பார்? துணியை விலக்கினார்கள். புத்தம் புதுக் கிரைண்டர். கரண்ட்டை மிச்சம் பிடித்தவருக்குக் கரண்ட்டில் ஓடும் பரிசு. சங்கத்தில் ஒருவருக்கும் இது வேடிக்கையாகப் படவில்லை. மூன்றாவது வரிசையில் வசந்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானகுமாரி எக்கி எக்கிப் பார்த்தாள். இத்தனை வருஷம் இருட்டில் குளித்ததற்குக் கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

கிறிஸ்துதாஸ் மேடையேறி மைக்கைப் பிடித்தார். மைக்குக்கு எவ்வளவு கரண்ட் ஆகும் என்பதை மட்டும் இந்த இனம் யோசித்ததே கிடையாது. குவைத்தில் தொடங்கினார், ஓசோன் வழியாக வந்தார், அமெரிக்காவை இரண்டு வார்த்தை திட்டினார், மழை பொய்த்ததற்கும் டி.வி. விளம்பரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கினார். பிறகு கிரைண்டரை நோக்கிக் கையை நீட்டினார்.

"இன்று கிரைண்டர். நாளை பிரிட்ஜ். நாளன்றைக்கு ஏ.சி. இப்படித்தான் நுகர்வு மோகம் நம் வீட்டுக்குள் நுழைகிறது. ஆகவே, இந்தப் பரிசை நான் ஏற்க மறுக்கிறேன்! என் வீட்டில் ஆட்டுக்கல் இருக்கிறது. இன்னும் நூறு வருஷத்துக்கு அது தாங்கும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. வீரராகவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜேம்ஸ் சந்தோஷமாகக் கிரைண்டரைத் திரும்பத் துணி போட்டு மூட ஆரம்பித்தார்.

"போச்சுக்கா" என்றாள் வசந்தா.

கல்லு தாங்கும், என் தோளு தாங்குமா என்று நினைத்தபோது ஞானகுமாரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தாள். புருஷனுக்குச் சால்வை போடத்தான் போகிறாள் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். மேடையேறி, வலது கை எழும்பாததால் இடது கையால் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அவரு சொன்னது அத்தனையும் நிஜம். எங்க வீட்டுல கரண்ட்டு கம்மிதான். சுவிட்ச அணைச்சது அவரு. மாவாட்டுனது நானு. அவரு பங்க அவரு வேணாம்னுட்டாரு, சந்தோஷம். எம் பங்க நான் எடுத்துக்கறேன்."

பின்வரிசையிலிருந்து பரந்தாமன், "அப்டி போடு யக்கா!" என்று விசிலடித்தார். பெண்கள் பக்கம் எழுந்த கைதட்டலில் ஜேம்ஸின் கையிலிருந்து துணி நழுவியது. பரந்தாமனே வந்து, "தள்ளு சார், தள்ளு" என்று கிறிஸ்துதாஸை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுக் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கிறிஸ்துதாஸ் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார். மிஷின் இருக்கலாம், பிளக் சொருகக் கூடாது என்று ஜாடையில் உத்தரவு போட்டார். அவள் சொருகினாள். மறுநாள் இட்லி மல்லிகைப்பூவாக வந்தது. மௌன விரதத்தைக் கலைக்காமல் தட்டை மட்டும் நீட்டினார். வைத்தாள். இன்னொரு முறை நீட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதில் சுவரோரம் கேட்ட குரல் யாருடையது என்று நினைக்கிறீர்கள்?

"கிரைண்டர் இல்லாத வீடு கரண்ட்டை வீணாக்கற வீடு பரந்தாமா. கல்லுல ஆட்டுனா அத்தனை நேரமும் கொல்லைப்பக்கத்து பல்பு எரியணும். இதுல சீக்கிரம் முடிஞ்சுடுது. கணக்குப் போட்டுத்தான் வீட்டுல சொன்னேன்."

"ஆங், நீதான் சொன்ன. சர்தான் சார்" என்றார் பரந்தாமன். உள்ளே ஞானகுமாரி, மாவு தானாக அரைபட, சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்வது இவ்வளவு சுகமா என்று இருந்தது அவளுக்கு.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? நல்லது. பக்கத்து அறையில் ஆளில்லாமல் விசிறி ஓடுகிறதோ என்று இந்த நேரத்தில் உங்களுக்கு விரல் துறுதுறுக்கிறதே, தப்பில்லை, எழுந்து போய் நிறுத்துங்கள். அப்படியே இரண்டடி தள்ளி சமையலறைக்குள்ளும் எட்டிப் பாருங்கள். மிஷினே வேண்டாம் என்று ஊரெல்லாம் நீங்கள் பெருமையடித்துக்கொள்ளும் வேலையை, இந்த நிமிஷம் யார் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நாளைக்கு நீங்கள் மேடையேறும்போது அவர்களும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.