தோற்கத் தெரியாத மலினாவ்

மரியாதைக்குரிய பெர்லித்தா சித்திக்கு,

ஹாங்காங்கில் நீங்களும் உங்கள் முதலாளியம்மா வீட்டுக் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பக்கத்தில் இருந்தால் உங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கியிருப்பேன். கடல் குறுக்கே கிடப்பதால் எழுத்திலேயே ஒற்றிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம். நம் மலினாவ் ஊரும் சுகம். அந்தப் பெருமையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நகரத்துத் தொழிற்சாலைகளின் அமிலக் கசடு, சாயக் கழிவு, பழைய பேட்டரி எல்லாவற்றையும் பீப்பாய்களில் அடைத்துச் சேமிக்க மாகாண அரசு ஓர் இடம் தேடுகிறது. கடைசியில் மிஞ்சியவை இரண்டு இடங்கள். ஒன்று பக்கத்து ஊரான பாலித்தேயின் தரிசு. மற்றது நம் மேட்டு நிலம், அதாவது நீங்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மனையின் வேலிக்கு அந்தப் பக்கம். அங்கே கிடங்கு வந்துவிட்டால், ஊர் திரும்பி நீங்கள் ஜன்னலைத் திறக்கும்போது தெரியப்போவது மாமரமல்ல, பீப்பாய்கள். ஆனால் நம் ஊர்த் தலைவர் கேப்டன் ருஃபினோவுக்கு வந்து சேர்ந்த செய்தி, ‘மிகப் பொருத்தமான ஊரைத் தேர்ந்தெடுக்கக் குழு வருகிறது’ என்பது மட்டும்தான். அவர் அதை வருடா வருடம் நாம் பாலித்தேயிடம் தோற்கும் தூய்மையான ஊர்ப் போட்டி என்று எண்ணி, மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, தெருவெங்கும் காகிதக் கொடி கட்டி, பன்சித் நூடுல்ஸுக்குப் பெரிய வாணலி வாடகைக்கு எடுத்து, பேண்டு வாத்தியமும் ஏற்பாடு செய்துவிட்டார். பள்ளி நூலகத்தில் கழிவுக் கிடங்கு விதிமுறைகளைப் படித்துவிட்டு நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“கேப்டன், இது பரிசு இல்ல. இதுல தோத்தாதான் நமக்கு நல்லது.”

“பாலித்தேகிட்டயா? மறுபடியுமா?”

“வருஷா வருஷம் தோக்கறீங்களே, இந்த ஒரு தடவை வேணும்னே தோத்துப் பாருங்க,” என்றார் கூடவே வந்த அம்மா.

வெள்ளம் நிற்கும் நிலம், தண்ணீர் இறங்கும் மண், மேலாகவே இருக்கும் நிலத்தடி நீர், இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கே கிடங்கு கூடாது என்பது விதி. ஆகவே வெள்ளத்தைப் பற்றிக் கேப்டனும், மண்ணைப் பற்றி முடிதிருத்தும் நெஸ்தோர் மாமாவும் குறை சொல்வதாக முடிவானது. குழுவின் தலைவி, எல்லோரும் இன்ஜினியர் என்றே கூப்பிடும் ஓர் அம்மாள், வந்து இறங்கினார். கூடவே பாலித்தே கேப்டன் தியோதுலோவும் இறங்கினார். அவர்களுக்கும் தோற்கத்தானே ஆசை? மனிதர் வந்ததும் வராததுமாக, “இன்ஜினியர், மலினாவ் மாதிரி ஒரு ஊரு மாகாணத்துலயே கிடையாது. நாங்கல்லாம் இவங்க கால் தூசிக்குப் பெறுவோமா?” என்றார். அவர் வாயால் நம்மைப் புகழ்ந்து யாருமே கேட்டதில்லை, சித்தி. நம் கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று இன்ஜினியர் கேட்டார். “புயல் அடிச்சப்பக்கூட ஒரு சொட்டு நின்னதில்ல,” என்று நம் கேப்டன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார். நான் நெஸ்தோர் மாமாவைப் பார்த்தேன். “எங்க களிமண்ணு இருக்கே இன்ஜினியர், தண்ணிய ஊத்தினா அப்படியே நிக்கும், கீழ எறங்கவே எறங்காது,” என்று அவர் அதற்கும் மேலே போய்விட்டார். தியோதுலோ தலையாட்டி ஆமோதித்துக்கொண்டே இருந்தார். உங்கள் வீடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அப்போது அம்மா, விருந்தாளி வெயிலில் நிற்கிறாரே என்று வேலிக்கு இந்தப் பக்கம் உங்கள் மனையில் இருக்கும் கிணற்றிலிருந்து ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“நல்லா இருக்கே,” என்றார் இன்ஜினியர்.

“என் தங்கச்சி கிணறு. இந்த இனிப்பு வேற எங்கயும் வராது. கயிறு வாளி எதுவும் வேண்டாம், குனிஞ்சு மொண்டுக்க வேண்டியதுதான்.”

இன்ஜினியரின் குவளை பாதி வழியில் நின்றது. “குனிஞ்சா? அவ்வளவு மேலயா தண்ணி இருக்கு?”

நான் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனேன். அளவுநாடாவை விட்டுப் பார்த்தவர் தலையை அசைத்தார். “பீப்பாய் கசிஞ்சா நேரா இதுலதான் கலக்கும். இங்க வைக்க முடியாது.”

“அப்ப நாங்க தோத்துட்டோமா?” என்றார் நம் கேப்டன்.

“ஆமா.”

கேப்டன் நேராகப் போய்த் தியோதுலோவிடம் கையை நீட்டி, “வாழ்த்துகள்,” என்றார். தியோதுலோ பதிலுக்குக் கை கொடுக்கவில்லை. பாலித்தே பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் ஒரு பொய்கூடச் சொல்லாமல், பெருமை பேசியே தப்பித்த ஊர் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். அன்று பன்சித் ஒரு நூல் மிஞ்சவில்லை.

உங்கள் முதுகுவலி குறையட்டும், கூரைத் தகடு சீக்கிரம் ஏறட்டும், புதுவீட்டு ஜன்னலில் நல்ல காற்று வரட்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
ஹெர்மினியா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் இதையும் எழுதிவிடுகிறேன். கிணற்று நீர் ஏன் இவ்வளவு மேலே நிற்கிறது என்று இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்து, குடிநீர் நிலையத்து ஆட்களை அனுப்பினார். அவர்கள் வேலியோரம் தோண்டியபோது, நகரத்துக்குப் போகும் பெரிய குழாய் உடைந்து பல காலமாக உங்கள் கிணற்றுக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது தெரிந்தது. குழாயை அடைத்துவிட்டார்கள். இன்று காலை அம்மா எட்டிப் பார்த்தபோது கிணற்றில் ஒரு தவளைதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை குழு மறுபடி வருகிறது. நம் ஊரைப் பற்றி ஏதாவது குறை உங்களுக்கு நினைவிருந்தால் உடனே எழுதி அனுப்புங்கள், சித்தி. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டேன். யாருக்கும் ஒன்றுகூடத் தோன்றவில்லை.