விளம்பரங்களுக்கு நடுவே ஓர் இறுதிப் போட்டி

அந்த இறுதிப் போட்டியைப் பார்த்தே தீருவது என்று நான் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை மாலை ஆறே கால் மணிக்கு. நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முப்பத்தோரு வருஷமாக நாளிதழில் வேலை பார்க்கிறேன். இடம், நாள், நேரம் இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. பொய்யைக்கூட.

நம் அணி கிரிக்கெட்டில் இறுதிக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. போன தடவை வந்தபோது நான் அலுவலகத்தில் உட்கார்ந்து வானிலைச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன். லேசான மழைக்கு வாய்ப்பு என்று எழுதி நிமிர்ந்தபோது போட்டி முடிந்திருந்தது. இந்தத் தடவை விடுவதாக இல்லை. ஞாயிறு, மாலை நான்கு மணி, என் வீட்டு சோபா, என் கால் மேல் என் கால்.

ஒரே இடைஞ்சல், அதே ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அக்கா வீடு மாறுகிறார் என்பதுதான். அவர்கள் வீட்டில் சாமான் அதிகம், லிஃப்ட் கிடையாது. போன தடவை வீடு மாறியபோது ஒரு தையல் மிஷினை நானே மூன்று மாடி சுமந்து ஏற்றினேன். ஏற்றிய பிறகுதான் அது பழைய வீட்டுக்காரருடையது என்று சொன்னார்கள். திருப்பிச் சுமந்ததும் நானே.

புதன்கிழமை மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டு விஷயம்..."

"முடியாது. ஆபீஸ் வேலை."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா. மேட்ச் நடுவுல டிவியில விளம்பரம் போடுறாங்க இல்ல, அதைப் பத்தி ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு எழுதணும். ஏழாம் பக்கம், அரைப் பக்கம். பத்துப் பேர் கருத்து. ராத்திரி ஒன்பது மணிக்குள்ள கொடுத்தாகணும்."

இங்கேதான் சறுக்கினேன். வேறு தொழில் பார்க்கிறவனாக இருந்தால் 'ஆபீஸ் வேலை' என்பதோடு வாயை மூடியிருப்பான். எனக்குப் பக்க எண் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

"பத்துப் பேரா!" என்றாள்.

"பத்துப் பேர்."

"அப்ப மேட்சையும் பார்க்கணுமே நீங்க?"

"விளம்பரம் பார்க்கிறதுதான் வேலை. நடுவுல மேட்ச் வந்தா என்ன செய்யறது? பார்த்துத் தொலைக்க வேண்டியதுதான்." முகத்தைக் கடமை உணர்ச்சியோடு வைத்துக்கொண்டேன்.

"பாவம்" என்றாள். செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். பத்தொன்பது வருஷம். எவர் வாயைத் திறந்தாலும் உள்ளே எது சொத்தை என்று டாக்டருக்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். அதை நான் அந்த நேரத்தில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை செய்தி ஆசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னய்யா, இப்படி ஒரு யோசனையை வச்சுக்கிட்டு என்கிட்ட சொல்லவே இல்ல?"

"எந்த யோசனை சார்?"

"விளம்பரம்யா! உங்க வீட்டம்மா என் கடைவாய்ப் பல்லுக்கு நேரம் சொல்லக் கூப்பிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு கொடுத்திருக்கீங்களே, ரொம்ப நன்றின்னாங்க. நான் எப்பக் கொடுத்தேன்னு யோசிச்சேன். அப்புறம், கொடுத்தாத்தான் என்னன்னு தோணிச்சு. அரைப் பக்கம் பத்தாது. முக்கால் பக்கம்."

"சார், அது வந்து..."

"பத்துப் பேரும் நிஜ ஆளா இருக்கணும். பேர், வயசு, படம். 'பெயர் சொல்ல விரும்பாத வாசகர்'னு நீயே உட்கார்ந்து எழுதுவியே, அந்தக் கதையெல்லாம் வேண்டாம்."

என் தொழில் வாழ்க்கையில் நான் கிளப்பிய செய்தி ஒன்று உண்மையானது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்தால் மனைவி உற்சாகமாக இருந்தாள். "ஆளுங்களைப் பத்திக் கவலையே படாதீங்க. ஒன்பது பேருக்குச் சொல்லியாச்சு."

"பத்தாவது?"

"ஏன், நான் டிவி பார்க்கிறதில்லையா?"

சரி, போகட்டும், வருகிறவர்கள் வந்து உட்காரட்டும், போட்டி முடிந்த பிறகு ஆளுக்கு ஒரு வரி கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஞாயிறு மூன்றரை மணிக்குக் குளித்து, தலை சீவி, கூடத்துக்கு வந்தேன். கூடத்தைக் காணோம். அங்கே ஒரு பல் மருத்துவமனை இருந்தது.

நாற்காலிகள் இரண்டு வரிசை. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு. சோபாவில் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரும், மேல்மாடித் தையற்கடைக்காரரும், அவர் மனைவியும். பின்வரிசையில் மருத்துவமனை நர்ஸ்கள் இருவர். கீழ்வீட்டுப் புதுத் தம்பதி ஒரே நாற்காலியில் உட்காரப் பார்த்து, டோக்கன் குழம்பிவிடும் என்று பிரித்துவைக்கப்பட்டிருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஒரு முக்காலி. டிவிக்கு முதுகைக் காட்டியபடி.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான். கருத்துச் சொல்றவங்க முகத்தைப் பார்த்து எழுத வேண்டாமா?"

"நான் விளம்பரம் பார்க்கணுமே!"

"விளம்பரம் வந்ததும் அப்படித் திரும்பிப் பாருங்க. முடிஞ்சதும் இப்படித் திரும்பி எழுதுங்க. ஓவருக்கு ஒருத்தர். சூட்டோட சூடா கேட்டாத்தான் சரியா வரும். பல்லு பிடுங்கினப்புறம் வலிக்குதான்னு மறுநாளா கேட்பாங்க?"

விஷயம் எனக்குப் புரிய ஒரு ஓவர் ஆனது. ஓவர் முடிந்தால் விளம்பரம். அப்போது யாரும் மூச்சுவிடக் கூடாது, கவனமாகப் பார்க்க வேண்டும். விளம்பரம் முடிந்து பந்து வீச ஆரம்பித்தால் கருத்து. அப்போது நான் அந்தப் பக்கம் திரும்பி எழுத வேண்டும். ஆறு பந்தும் முடிய, கருத்தும் முடியும். மறுபடி விளம்பரம்.

"டோக்கன் ஒண்ணு!" என்றாள் மனைவி.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "பற்பசை விளம்பரத்துல பத்துல ஒன்பது டாக்டர் இதைத்தான் சொல்றாங்கன்னு வருது. நல்லது. அந்தப் பத்தாவது டாக்டர் யாரு? அவர் என்ன சொன்னார்? அதை ஏன் மறைக்கிறாங்க?"

"எங்க டாக்டர்தான் சார் அது" என்றாள் மனைவி.

"எழுதிக்குங்க தம்பி. நான் கேட்டதா எழுதுங்க."

முதுகுக்குப் பின்னால் அரங்கமே அதிர்ந்தது. கழுத்தைத் திருப்பினேன்.

"ஏங்க, சார் பேசிட்டிருக்கார்."

திரும்பினேன். டோக்கன் இரண்டு, தையற்கடைக்காரர்.

"கார் விளம்பரம் நல்லாத்தான் சார் எடுத்திருக்கான். ஆனா அந்தப் பையன் சட்டையில தோள்பட்டை ரெண்டு அங்குலம் கீழ இறங்கியிருக்கு. அளவெடுக்காம தைச்சது. அதுக்கப்புறம் எனக்குக் கார் கண்ணுலயே படல."

அவர் மனைவி டோக்கன் எண் வரும் வரை காத்திருக்கவில்லை. "அதை விடுங்க. சோப்பு விளம்பரத்துல அந்தப் பொண்ணு சேறு பட்ட சட்டையைப் பார்த்து சிரிக்கிறா பாருங்க, எந்த வீட்ல சார் நடக்குது அது? எங்க வீட்ல காலர் கறுத்தாலே ரெண்டு நாள் பேச்சு கிடையாது."

"ரெண்டு நாளா? எப்ப?" என்றார் தையற்கடைக்காரர் ஆசையோடு.

புதுத் தம்பதி குளிர்ப்பெட்டி விளம்பரத்தில் கருத்து வேறுபட்டார்கள். பெட்டி பெரியது என்றான் அவன். அந்த விளம்பரத்தில் சமையல் வேலை செய்வது மட்டும் ஏன் எப்போதும் பெண் என்றாள் அவள். நாளையிலிருந்து நான் செய்கிறேன் என்றான். நேற்றும் அதைத்தான் சொன்னாய் என்றாள். இரண்டு ஓவரும் ஒரு விக்கெட்டும் போயின.

விக்கெட் போனது எனக்கு எப்படித் தெரியும்? முகங்களைப் பார்த்துத்தான். பேசுகிறவர்களின் வாய்தான் என்னிடம் இருந்தது. கண்ணெல்லாம் என் தலைக்கு மேலே. வாத்தியார் புருவம் ஏறினால் நான்கு. தையற்கடைக்காரர் வாய் பிளந்தால் ஆறு. யாராவது துள்ளி எழுந்தால் எதிரணி ஆள் அவுட். உலகத்தில் யாரும் பார்க்காத விதத்தில் நான் அந்த இறுதிப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது ஓவரில் கதவு திறந்தது. டோக்கன் எட்டும் ஒன்பதும் வந்தார்கள். மனைவியின் அக்காவும், என் சகலையும்.

எழுந்தே விட்டேன். "என்ன சகலை, வீடு மாத்தலையா?"

"மேட்ச் அன்னைக்கு எவனாவது வீடு மாத்துவானா?" என்று என் சோபாவில் நடுவாக உட்கார்ந்தார் அவர். "போன செவ்வாய்க்கிழமையே முடிவு பண்ணித் தள்ளி வச்சாச்சே. நாளைக்குத்தான். உங்களுக்கு ஞாயிறோட திங்களும் வார விடுமுறைன்னு பார்த்துத்தான் திங்கட்கிழமை வச்சோம்."

மனைவி டீ போடப் போனாள். பின்னாலேயே போனேன்.

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அக்கா வீட்டு விஷயம்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்க ஏழாம் பக்கத்துக்குப் போயிட்டீங்க."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே!"

"ஆபீஸ் வேலைன்னு சொன்ன மனுஷன்கிட்ட, வேலை இல்ல, உட்கார்ந்து மேட்ச் பாருங்கன்னு எப்படிச் சொல்றது? உங்க கடமைக்கு நான் குறுக்க நிற்கலாமா? போங்க, ஓவர் முடியப் போகுது."

முதல் இன்னிங்ஸ் போனது. இடைவேளையில் விளம்பரமாகவே போட்டார்கள். பெயின்ட், மெத்தை, முதலுதவி பிளாஸ்திரி, மறுபடி மெத்தை. மெத்தை விளம்பரத்தைப் பதினொரு தடவை பார்த்தேன். மெத்தைக்காரன் தூங்கிக்கொண்டே இருந்தான். அவன் மேல் எனக்குப் பொறாமை வந்தது. சகலை, மெத்தை கனமாக இருக்குமா என்று மட்டும் கருத்துச் சொன்னார்.

நம் அணி ஆட வந்தது. ஒருவழியாகக் கடைசிக் கட்டம், மூன்று ஓவர் பாக்கி, இருபத்தொன்பது ரன் வேண்டும். எல்லா முகமும் ஒரே நேரத்தில் எல்லாமாக மாறின. வாத்தியாரின் புருவத்தை நம்பவே முடியவில்லை.

அப்போதுதான் உறுதியான முடிவுக்கு வந்தேன். முழுப் போட்டியையும் விட்டுவிட்டு வாலை மட்டும் பார்ப்பதா? மாட்டேன். நாளை மாலை நான்கு மணிக்கு மறு ஒளிபரப்பு. முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை, முடிவு தெரியாமல், தனியாகப் பார்ப்பேன். அதுவரை என் காதில் ஒரு ரன்கூட விழக் கூடாது.

நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். காதில் பஞ்சு வைத்தேன். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி எழுத ஆரம்பித்தேன். வெளியே ஏதோ பெரிய சத்தம் வந்தது. சந்தோஷமா சண்டையா என்று பஞ்சுக்குள் புரியவில்லை. எட்டு ஐம்பதுக்குக் கட்டுரையை அனுப்பினேன். படங்களை மனைவி அனுப்பினாள். செல்போனை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மனைவி வந்து ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள். "எல்லாரும் கிளம்பிட்டாங்க. என்ன மேட்ச்சுங்க! கடைசியில..."

"ஐயோ, சொல்லாதே! நாளைக்கு நாலு மணிக்குப் பார்க்கப் போறேன். அதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். புதுச் சாவி கையில் கிடைத்தவள் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"சரி. என் வாயிலிருந்து வராது" என்றாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. பேப்பரை நான் தொடவே இல்லை, அவள் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

"கிளம்பலாமா?"

"எங்க?"

"அக்கா வீட்டுக்கு."

"முடியாது. நாலு மணி வரைக்கும் இந்த அறையை விட்டு வெளியே வரமாட்டேன். இது என் வீடு, என் விடுமுறை, என் முடிவு."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நேத்து கடைசி ஓவர்ல முதல் பந்து என்ன ஆச்சுன்னா..."

"சட்டை போட்டுக்கிட்டு வரேன்."

அக்கா வீட்டில் புத்தகப் பெட்டிகள் பதினேழு. எல்லாவற்றையும் மூன்று மாடி இறக்கி வாசலில் நின்ற வண்டியில் ஏற்றினேன். இரும்பு பீரோ பக்கம் வந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ரெண்டாவது பந்து..." என்றாள் மனைவி, ஜன்னலைப் பார்த்தபடி.

பீரோ இறங்கியது.

பதினொரு மணிக்குள் சகலைக்கும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. "சகலை, அந்த மெத்தையை ஒரு கை பிடிங்களேன். இல்லேன்னா பாருங்க, நானும் மேட்ச் பார்த்தவன்தான்." மெத்தை கனமாகத்தான் இருந்தது. அக்கா கிரைண்டருக்காக மூன்றாவது பந்தை எடுத்தார். நான்காவது பந்துக்குத் துணி துவைக்கும் மிஷின் போனது. அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு பந்து வைத்திருந்தார்கள். ஒன்றையும் வீச விடாமல் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு வீடு காலி. நெஞ்சு நிமிர்ந்தது. உடம்பு போனாலும் ரகசியம் போகவில்லை. வீடு பதினைந்து நிமிட நடை. ஒரு குளியல் போட்டுவிட்டு உட்கார்ந்தால் டாஸிலிருந்து பார்க்கலாம்.

"அவ்வளவுதாங்க" என்றாள் மனைவி கனிவாக. "இந்தக் கண்ணாடித் தம்ளரை மட்டும் சுத்தி வச்சிடுங்க. இந்தாங்க பேப்பர்."

வாங்கிப் பிரித்தேன். எங்கள் நாளிதழ். அன்றைய தேதி. முதல் பக்கம். கையகல எழுத்தில், 'ஒரு ரன்னில் போனது கோப்பை'. கீழே நம் கேப்டன் தரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பண்ணிட்டே நீ!"

"நான் ஒரு வார்த்தை சொன்னேனா?" என்று பேப்பரை என் கையிலிருந்து வாங்கித் தம்ளரைச் சுற்றினாள். "சரி, தெரிஞ்சு போச்சு இல்ல? இனி நாலு மணிக்கு உங்களுக்கு என்ன வேலை? வண்டியில ஏறுங்க. புது வீடு நாலாவது மாடி."